படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயது 19

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஜி.டி.பி. நகர் பக்கம் பி.ஜி.யில் தங்கியிருக்கிறேன். எட்டாவது வரை பள்ளிக்கூட கோ-கோ டீமில் இருந்தேன். கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியதோடு விளையாட்டு நின்றது, அப்புறம் தொடங்கவே இல்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை கரோல் பாக்கில் சித்தி வீட்டுக்குப் போக மெட்ரோ படி ஏறினால் மேலே நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் நடக்க முடிகிறது. இறங்கும்போது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. பன்னிரண்டாவது முடித்தபோது இருந்ததைவிட 9 கிலோ கூடிவிட்டேன். போன வருடம் பக்கத்து ஜிம்மில் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டினேன். முதல் நாளே 100 ஸ்குவாட் போட வைத்தார்கள். நான்கு நாள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை, அதோடு போகவில்லை. 2021-இல் எனக்கும் கொரோனா வந்து ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். இப்போது ஜிம்மிலும் கல்யாண வீட்டிலும் சின்ன வயசுக்காரர்கள் சுருண்டு விழும் வீடியோக்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அம்மாவோ, "தடுப்பூசி போட்ட உடம்பு, எதுக்கு வம்பு" என்கிறாள். பாதி நாள் எழுந்திருக்கவே மனசு வருவதில்லை. நான் சோம்பேறியா அக்கா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அன்புத் தங்கைக்கு,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன். டெல்லியில் பல வருடங்களாக இயன்முறை மருத்துவராக இருக்கிறேன். உன்னைப் போன்ற கல்லூரிப் பிள்ளைகள் முழங்கால் வலி, முதுகு வலி என்று வருவார்கள். பேச்சு முடியும் நேரத்தில், எழுந்து போகும்போது, உன் கடைசிக் கேள்வியைத்தான் கேட்பார்கள். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

நீ சோம்பேறி இல்லை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார். 2020 மார்ச்சில் உனக்கு 13 வயது. ஒன்பதாவது பெரும்பாலும் செல்போனுக்கு முன்னால் போயிற்று. 2021 பிப்ரவரியில் பள்ளியைத் திறந்தார்கள், அடுத்த மாதமே மூடினார்கள். செப்டம்பரில் மறுபடி திறந்தபோது நீ பத்தாவது. விட்ட பாடத்தை முடிக்க வேண்டும் என்று பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டிருப்பார். அடுத்து பதினொன்று, பன்னிரண்டு என்று வரிசையாகப் பொதுத்தேர்வு, அதன்பிறகு க்யூட் நுழைவுத் தேர்வு. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினம் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடத்தை உன்னிடமிருந்து முதலில் எடுத்தது கொரோனா. கொரோனா போன பிறகும் அதைத் திருப்பிக் கொடுக்காதவர்கள் நாங்கள், பெரியவர்கள். உன் கேள்விக்கு என் பதில் இதுதான்.

கொரோனா உன்னிடமிருந்து உடற்பயிற்சியைப் பறித்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 13 வயதில் நீ உடற்பயிற்சி என்று தனியாக எதுவும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடந்தாய், சைக்கிள் மிதித்தாய், கடைக்கு ஓடினாய், இடைவேளையில் யாரையோ துரத்தினாய். யோசிக்காமல் நடந்த அசைவுகள் அவை. அவைதான் போயின. அவை போன இடத்தில் ஒரு மணி நேர ஜிம்மை வைத்து அடைக்கப் பார்த்தாய். உன்னைப் போல் அப்படிச் செய்து கைவிட்டவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். மறுபடி வர வேண்டியது அந்தப் பழைய அசைவுகள்தான். அவற்றை நாளுக்குள் ஒளித்துவைக்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னால் வரும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 20 வயது ஆரோக்கியமான பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆய்வு செய்தார்கள். அவர்கள் உடல் உச்சமாகப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜன் அளவு நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 30 வருடம் கழித்து, 50 வயதில், அதே ஐந்து பேரையும் மறுபடி கூப்பிட்டுச் சோதித்தார்கள். 30 வருட முதுமை செய்த இழப்பைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த இழப்பு பெரிதாக இருந்தது. உடம்பைச் சும்மா போட்டுவைப்பது அவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. ஆனால் இந்தக் கதையை என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது அதன் மீதிப் பகுதிக்காகத்தான். படுக்கையிலிருந்து எழுந்த பிறகு எட்டு வாரப் பயிற்சியில் அந்த இழப்பு ஈடுகட்டப்பட்டது. 50 வயதிலும் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி செய்தபோது, 20 வயதில் தொடங்கிய இடத்துக்கே மூச்சுத் திறன் திரும்பியது. உனக்கு 19. உன் நுரையீரலும் இதயமும் கெட்டுப்போய்விடவில்லை, கேட்பார் இல்லாமல் கிடக்கின்றன.

இனி பயம். இதை அம்மாவுக்கும் படித்துக் காட்டு. இளவயதில் திடீரென்று இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் 47 மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தி 2023-இல் வெளியிட்டது. 18 முதல் 45 வயதுக்குட்பட்டு, காரணம் தெரியாமல் திடீரென இறந்த 729 பேரை, அதே வயதும் அதே ஊருமாக இருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு தவணை போட்டவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது. கூட்டியவை வேறு: கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தது, குடும்பத்தில் யாராவது அப்படித் திடீரென இறந்திருந்தது, அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவு மீறிக் குடித்தது, போதைப்பொருள், அப்புறம் அதே 48 மணி நேரத்தில் கடுமையான உடலுழைப்பு.

கடைசியில் சொன்னதைப் படித்ததும் "பார்த்தாயா, அதனால்தான் வேண்டாம் என்கிறேன்" என்று அம்மா சொல்லலாம். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. பழகாத உடம்பு ஒரே நாளில் உச்சத்துக்குப் போவதில்தான் ஆபத்து அதிகம். தொடர்ந்து அசைந்து பழகிய உடம்புக்கு அதே வேலை பெரிய அதிர்ச்சியாக இருப்பதில்லை. வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் முதல் நாளே 100 ஸ்குவாட் கேட்டவர் செய்தது பெரிய தவறு. நல்லவேளை, உனக்கு நான்கு நாள் வலியோடு போயிற்று. அப்படி ஒரேயடியாகச் செய்து, பிறகு சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால் அது தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அறிகுறி, அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உன் தோழிகளுக்கும் இதைச் சொல்லிவை.

கொரோனாவில் நீ வீட்டிலேயே இருந்து தேறிவிட்டாய், நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. அது தடையில்லை. ஆனால் வேலை செய்யும்போது நெஞ்சு இறுக்குவது, மயங்கி விழுவது, காரணமில்லாமல் படபடப்பது, நெருங்கிய சொந்தத்தில் யாராவது 50 வயதுக்கு முன்பே திடீரென இறந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் நடை. இன்னொரு விஷயத்தையும் கவனி. கொஞ்சம் நடந்துவிட்டு வந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அடித்துப் போட்டதுபோல் ஆகி, அது நாள்கணக்கில் தீரவில்லை என்றால், பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதே. கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு அப்படி வருகிறது. அவர்களுக்கு வழியே வேறு.

ஒரு படிகூட ஏறும் முன்னால் நீ செய்ய வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. மூச்சு வாங்குகிறது என்று பெண்பிள்ளைகள் வந்தால் நான் முழங்காலைத் தொடுவதற்கு முன் கண் இமையை இழுத்துப் பார்ப்பேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருக்கும்போது, "உனக்கு ஸ்டாமினா இல்லை" என்று உன்னையே திட்டிக்கொண்டு படியேறுவது பெரிய கொடுமை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு, வைட்டமின் டி, இந்த நான்கையும் பார்த்துவிடு. மாதவிலக்கில் ரத்தம் அதிகமாகப் போனாலோ, இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போனாலோ அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல். பி.ஜி. சாப்பாட்டில் முருங்கைக்கீரை கிடைக்காது, தெரியும். ராஜ்மாவும் சோலேயும் பாலக்கும் கிடைக்கும். அவற்றில் எலுமிச்சை பிழிந்து சாப்பிடு. பரோட்டாவோடு சேர்த்து டீ குடிக்கும் டெல்லிப் பழக்கத்தை மட்டும் விடு, டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடி.

இனி நடை. பி.ஜி.யிலிருந்து கல்லூரிக்கு எப்படிப் போகிறாய் என்று நீ எழுதவில்லை. ஆனால் ஜி.டி.பி. நகரிலிருந்து நார்த் கேம்பஸுக்கு உன் வயதுப் பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள் என்று தெரியும்: பங்கு இ-ரிக்ஷா. தூரம் ஒன்றரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். கைவீசி நடந்தால் 18 நிமிடம். போக வர 36. வாரத்தில் ஐந்து நாள் என்றால் 180 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. ரிக்ஷாவை விட்டு இறங்கினாலே அதில் நீ சேர்ந்துவிடுகிறாய், தனியாக நேரமும் ஒதுக்க வேண்டாம், பணமும் கட்ட வேண்டாம். 2022 கணக்குப்படி நம் நாட்டில் வயதுவந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இந்த அளவுகூட இல்லை. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42.

முதல் இரண்டு வாரம் திரும்பி வரும்போது மட்டும் நட. காலையில் வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தோடு தொடங்கினால் நான்காம் நாளே நின்றுவிடும். மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு வேளையும். வேகத்துக்கு ஒரு அளவுகோல் உண்டு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் மெதுவாகப் போகிறாய், பேச்சே முட்டினால் வேகம் அதிகம். கைக்கடிகாரம் காட்டும் 10,000 அடியைப் பற்றிக் கவலைப்படாதே.

ஆனால் இது டெல்லி. இதை எழுதாமல் இந்த ஊரில் யாருக்கும் நடையைப் பற்றி ஆலோசனை சொல்ல முடியாது. நம் ஊரில் மார்கழி விடியற்காலையில் எழுந்து கோலம் போடுவதே உடம்புக்கு நல்லது, அப்போதுதான் சுத்தமான காற்று என்பார்கள். டெல்லி மார்கழி அதற்கு நேர் எதிர். குளிர்காலத்தில் இரவு முழுக்கப் புகையும் தூசியும் தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். வெயில் ஏறித் தரை சூடானபிறகுதான் காற்று மேலே கிளம்பி அது கொஞ்சம் கலையும். அதனால் நவம்பரிலிருந்து ஜனவரி வரை உனக்கு ஏற்றது மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு மணி. விடியற்காலையில் வேண்டவே வேண்டாம். கோடையில் இது தலைகீழ். மே மாத மத்தியானம் வெயிலும் கொல்லும், தரையோரக் காற்றில் ஓசோன் என்ற கெட்ட வாயுவும் கூடும், அப்போது காலை ஆறு மணிதான் நல்லது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைப் போனில் வைத்துக்கொள். குடை எடுப்பதற்கு முன் வானத்தைப் பார்ப்பதுபோல் கிளம்பும் முன் அதைப் பார். என் நோயாளிகளுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: செயலி காட்டும் காற்றுத் தர எண் (ஏ.க்யூ.ஐ.) 200 வரை வழக்கம்போல் நட. 200-இலிருந்து 300 வரை என்றால் என்-95 முகக்கவசம் போட்டு, வேகத்தைக் குறைத்து, மால் ரோடு மாதிரிப் பேருந்து போகும் சாலையை விட்டு உள்தெரு வழியாக. 300-ஐத் தாண்டினால் அன்றைக்கு ரிக்ஷாவில் போ, குற்ற உணர்ச்சியே வேண்டாம், அன்றைய வேலையை அறைக்குள் செய். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்த எல்லைகள் இன்னும் கீழே. தீபாவளிக்குப் பிறகு சில வாரம் நடை விட்டுப்போகும், அதை இப்போதே எதிர்பார்த்துவிடு. பிப்ரவரியில் இலவ மரம் பூக்கும்போது இந்த ஊரைப்போல் நடக்கச் சுகமான ஊர் வேறில்லை. கமலா நேரு ரிட்ஜுக்குள் போய்க் கொடிமரக் கோபுரம் (ஃப்ளாக்ஸ்டாஃப் டவர்) வரை நடந்து பார். தனியாகப் போகாதே, கையில் தின்பண்டத்தோடும் போகாதே. அங்கே குரங்குகளின் ஆட்சி.

முழங்காலுக்கு வருகிறேன். ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முன்பக்க வலி. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக்கூடாதுதான், ஆனால் இந்த வயதில் இந்த வரிசை பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம் இல்லை. தொடையின் முன்தசையும் இடுப்பின் பக்கத் தசையும் வலுவிழந்து, படி இறங்கும்போது உடம்பின் பாரம் முழங்கால் சில்லில் அப்படியே இறங்குகிறது. ஓய்வு கொடுத்தால் தசை இன்னும் மெலியும், வலி கூடும். முழங்கால் வீங்கினால், மடங்கிய நிலையில் மாட்டிக்கொண்டால், நடக்கும்போது நழுவினால் மட்டும் தள்ளிப்போடாமல் யாரிடமாவது காட்டு.

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள், அறைக்குள்ளேயே செய்: படிக்கும் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது எட்டுத் தடவை. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி மூன்று எண்ணும்வரை நிறுத்துவது எட்டுத் தடவை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது எட்டுத் தடவை. ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு இதையே இன்னொரு முறை. மொத்தம் பத்து நிமிடம் ஆகாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டு தடவை கூட்டு. பன்னிரண்டு சுலபமானதும் முதுகுப்பையில் நான்கு புத்தகத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழு. செய்யும்போது வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் சரியான அளவு. அடங்காவிட்டால் பாதியாகக் குறை, விட்டுவிடாதே. ஓட்டத்தை எட்டு வாரத்துக்கு நினைக்கவே வேண்டாம். அதன்பிறகு மூன்று நிமிடம் நடை, ஒரு நிமிடம் மெல்லோட்டம் என்று மாற்றி மாற்றி.

எடைக் கருவியில் ஏறாதே. முதல் இரண்டு மாதத்தில் எடை அசையாமலும் இருக்கலாம், அதைப் பார்த்தே பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில் கரோல் பாக் மெட்ரோ படியை உன் தராசாக வைத்துக்கொள். ஏறி முடித்ததும் மூச்சு அடங்க எத்தனை விநாடி ஆகிறது என்று இந்த ஞாயிறு எண்ணி எழுதிவை. நான்கு ஞாயிறு கழித்து மறுபடி எண்ணு.

இத்தனையும் எழுதினாலும், தனியாக இருந்தால் நீ நிறுத்திவிடுவாய் என்றுதான் பயப்படுகிறேன். உன் மனவலிமையைக் குறைத்துச் சொல்லவில்லை. உன்னை 13 வயதுவரை ஓடவைத்தது ஒரு கூட்டம். கோ-கோவில் எட்டுப் பேர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், முதுகில் ஒரு கை பட்டு 'கோ' என்ற சத்தம் கேட்டால்தான் எழ முடியும், அது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை இதே டெல்லியில், இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கில் நடந்தது. நம் பெண்கள் நேபாளத்தை வென்று கோப்பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் உன் கல்லூரியில் பெண்களுக்கு கோ-கோ இல்லையென்றால் உடற்கல்வித் துறையில் போய்க் கேள். டீமில் சேர அல்ல, மாலையில் மைதானத்தில் சும்மா ஆட ஆள் இருக்கிறார்களா என்று கேள். நான்கு பேர் போய்க் கேட்டால் மைதானம் கிடைக்கும். இப்போதைக்கு ஒருத்தி போதும்: உன் பி.ஜி.யிலிருந்து அதே கல்லூரிக்கு அதே நேரத்தில் திரும்புகிற ஒருத்தி. அவளிடம், "நாளைக்கு ரிக்ஷா வேண்டாம், நடக்கலாமா" என்று கேட்பதுதான் உன் முதல் நாள் பயிற்சி. இருட்டிய பிறகு பெண்கள் இந்த ஊரில் தனியாக நடப்பதைப் பற்றி உன் அம்மாவுக்கு இருக்கிற கவலை எனக்கும் உண்டு, அதற்கும் இதுதான் வழி.

"பாதி நாள் எழுந்திருக்கவே மனசு வருவதில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியை நான் இரண்டு மூன்று தடவை படித்தேன். நடை மனசைத் தூக்கிவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாகப் பிடித்தது எதுவும் பிடிக்காமல், தூக்கமும் பசியும் கெட்டு இருந்தால், நடையை மட்டும் மருந்தாக நம்பாதே. 14416 என்ற எண்ணைக் கூப்பிடு. அது மத்திய அரசின் டெலி-மானஸ், கட்டணமில்லை, எந்நேரமும் எடுப்பார்கள். தமிழிலும் பேசலாம். ஹிந்தியில் யோசித்து யோசித்து உன் மனசை யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுது. ஹீமோகுளோபின் எண்ணையும், முதல் ஞாயிறு படியில் நீ எண்ணிய விநாடியையும் சேர்த்து அனுப்பு. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால் மட்டும் என் பதிலுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் போய்ப் பார்.

அன்புடன்,
அக்கா